வாறேன் என்று முடியும் பதிவுகள்

நித்யா, பிரவீன், இது உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுவது. பிரவீனுக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல். இடையில் மலையாளத்தில் சொல்லச் சொல்லாதே. முழுக்கத் தமிழிலேயே கேள்.

போன வாரம் நித்யா சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய டீமில் இப்போது பாதி வேலையை எந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். "இனிமே இது யாரு எழுதினதுன்னு பாத்துட்டு இருக்கதுல ஒண்ணும் இல்லப்பா, அல்லே? ஓடுதான்னு பாத்தாப் போதாதா?" என்றாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். ரிட்டயர் ஆனவன் சாப்பாட்டு வேளையில் கதை ஆரம்பித்தால் பிள்ளைகள் கை கழுவப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம்கூட நான் அதை முழுக்கச் சொன்னதில்லை.

நான் படித்தது ப்ரீ டிகிரி. அதிலும் இங்கிலீஷ் பேப்பர் இரண்டாம் தடவைதான் தேறியது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் கரமனை பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கான சாஃப்ட்வேர் அது. பிள்ளைகளின் பேர், வருகை, மார்க், டி.சி. எல்லாம் அதற்குள் இருக்கும். கொஞ்ச வருஷத்தில், புரோகிராமர்கள் எழுதுவதை வாங்கி ஒழுங்காக வைத்து, பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிற வேலைக்கு என்னை மாற்றினார்கள். புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. யார் எழுதினது, எதை மாற்றினது, எதற்காக மாற்றினது என்று பார்த்து வைக்க மட்டும் தெரியும். கடைசி வரைக்கும் அந்த வேலைதான்.

முதலில் பூட்டு முறை இருந்தது. ஒருத்தர் ஒரு ஃபைலை எடுத்தால் அது பூட்டிக்கொள்ளும், அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது. எடுத்தவர் அதை மறந்து குருவாயூருக்குப் போய்விடுவார். மற்றவர்கள் என்னிடம் வந்து கத்துவார்கள். பிறகு கிட் வந்தது. ஆளுக்கொரு பிரதியை வைத்து எழுதி, எழுதினதைப் பொதுவான ஒரு இடத்தில் கொண்டு சேர்க்கிற ஏற்பாடு. கிட் என்ற பேரைக் கேட்டதும் எனக்குச் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிதான் ஞாபகம் வந்தது. உங்கள் தாத்தா சாலைக் கடைவீதியில் பருப்புக் கிட்டங்கியில் நின்றவர். எந்த மூடை எந்த ஊரிலிருந்து வந்தது, யார் இறக்கினது என்று மூடையைப் பார்த்தே சொல்வார். அதனால் நான் அந்தப் பொது இடத்தைக் கிட்டங்கி என்றே சொல்லி வந்தேன். மலையாளிப் பிள்ளைகளும் 'குமாரேட்டன்றெ கிட்டங்கி', குமார் அண்ணனின் கிட்டங்கி, என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்தக் கிட்டங்கியில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பேர் உண்டு. எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். ஆனால் இடம் இரண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே எதுவும் அழியாது. தப்பாக எழுதினால் திருத்தலாம், ஆனால் தப்பும் உள்ளே இருக்கும், திருத்தினதும் இருக்கும், ஏன் திருத்தினேன் என்று ஒரு வரியும் இருக்கும். பிரவீன் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது கணக்கை ரப்பரால் தேய்த்துத் தேய்த்து நோட்டில் ஓட்டை போட்டுவிட்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஏன் முதலில் அப்படிப் போட்டாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. நான் ஆபீஸில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி அதுதான். அதை வீட்டில் ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் மேலாளர் ஸ்ரீலதா மேடம். குரலை உயர்த்திப் பேச மாட்டார். காலையில் எல்லாரும் வந்ததும், கையில் பால் விடாத கட்டன் சாயா டம்ளரோடு என் மேஜைக்குப் பின்னால் வந்து நின்று, முந்தின நாள் கிட்டங்கிக்கு வந்த பதிவுகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். முதலில் எழுதியவர் பேர், பிறகு செய்த வேலை. பேர் வாசித்ததும் அந்த ஆள் "உண்டு" என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்வது மாதிரியேதான். சொன்ன பிறகு "எந்தினா?" என்று கேட்பார். எதற்காகச் செய்தாய் என்று. ஒரு வாக்கியத்தில் பதில் வர வேண்டும். ஆள் வரவில்லை என்றால் வேறு யாராவது "லீவு" என்று சொல்ல வேண்டும். யாரும் வாய் திறக்காமல் அடுத்த பேருக்குப் போக மாட்டார். சாயா ஆறினாலும் நிற்பார். பையன்கள் பின்னால் 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்பார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

சுடலைமுத்து வள்ளியூர் பக்கத்துக்காரன். நல்ல புரோகிராமர். அவன் மைத்துனர் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருந்ததால் அங்கேயே வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருந்தான். ஆபீஸில் என்னோடு தமிழ் பேச அவன் ஒருத்தன்தான். அவன் பதிவுகளுக்கு ஒரு அடையாளம் உண்டு. என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, கடைசி வரியில் vaaren, அதாவது வாறேன், என்று போடுவான். மேடம் அதை "வாரென்" என்று வாசிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

"ஏம்ல, இதையும் எதுக்கு எழுதுத?" என்று கேட்டேன்.

"நீங்க வீட்ட விட்டு எறங்கும்போது போறேம்னா சொல்லுவீங்க? போயிட்டு வாறேம்னுதான சொல்லுவீங்க. நானும் எழுதி முடிச்சு எந்திக்கேம்லாண்ணே. சொல்லாம எந்திச்சா ஒரு மாதிரி இருக்கு."

அவனுக்கு ஒரு மகள், வேணி. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. நம் வழக்கப்படி அவள் எஸ். வேணி. அட்மிஷன் ஃபாரத்தில் ஒற்றை எழுத்து கூடாது, விரித்து எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எஸ் முன்னால்தானே வருகிறது என்று முதல் கட்டத்தில் சுடலைமுத்து என்றும், இரண்டாவது கட்டத்தில் வேணி என்றும் எழுதிவிட்டான். முதல் கட்டத்தில் இருப்பதுதான் பிள்ளையின் பேர் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும். எங்கள் சாஃப்ட்வேர்தான். மலையாளிகளுக்கு இனிஷியல் பின்னால் வருவதால் அதுவரை யாருக்கும் இது தெரியவில்லை. தினமும் காலையில் டீச்சர் திரையைப் பார்த்து "சுடலைமுத்து" என்று கூப்பிட, இந்தப் பெண் குழந்தை எழுந்து "உண்டு டீச்சர்" என்று சொல்ல வேண்டும். மலையாளத்திலும் சுடலை என்றால் சுடுகாடுதான். பிள்ளைகள் அவளை 'சுடல, சுடல' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"நா எழுதுன புரோகிராம் எம் புள்ளைய அழ வைக்கிண்ணே," என்றான். "கூப்பிடுத பேருக்குன்னு தனியா ஒரு எடம் வைக்கப் போறேன். சொந்த வேலையாத்தான் செய்யணும், வீட்டுல வச்சு எழுதுதேன்."

அது பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை வருவதற்கு முன்னால். அப்புறம் ஒரு திங்கட்கிழமை அவன் பேரை மேடம் வாசிக்க வேண்டி வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் விழிஞ்ஞத்துக்குப் போனோம். வேணி யாரோடும் பேசாமல் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து, ஜூன் மாத இடவப்பாதி மழையும் ஆரம்பித்த பிறகு ஒரு காலை. மேடம் வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு பேரில் நின்றார். பிறகு வாசித்தார்.

"சுடலைமுத்து. டி.சி. பிரின்ட் அலைன்மென்ட் சரியாக்கி. வாரென்."

நான் திரையைப் பார்த்தேன். முந்தின நாள் தேதி. எழுதியவர் சுடலைமுத்து. சேர்த்தவர் சுடலைமுத்து. கடைசி வரி அவனுடையதேதான். யாரும் அசையவில்லை. மேடம் அடுத்த பேருக்குப் போகவும் இல்லை, வழக்கம்போல நின்றார். ஜன்னல் தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல், "உண்டு மேடம்," என்றது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டதுதான் எனக்கு ஞாபகம். எல்லாரும் திரும்பினோம். ஆதிரா என்று புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள்.

"டி.சி. பிரின்ட் ஞான்தான் செய்தது மேடம். பேரு வேற யாருதோ வருது. ஏதெங்கிலும் தப்பா?" என்றாள்.

விஷயம் இதுதான். சுடலைமுத்துவின் கம்ப்யூட்டரை அப்படியே நகல் எடுத்து, புதிதாக வந்தவர்களின் கம்ப்யூட்டர்களில் இறக்கியிருந்தார்கள். அவன் பேரும் கூடவே வந்துவிட்டது. கடைசி வரியில் தானாக வரும்படி அவன் பதிந்து வைத்திருந்த அந்தச் சொல்லும் வந்துவிட்டது. அது ஏதோ கம்பெனி வழக்கம் என்று நினைத்து ஆதிரா அப்படியே விட்டிருக்கிறாள். அன்றைக்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் நானே உட்கார்ந்து பேரை மாற்றி, அந்தச் சொல்லையும் எடுத்தேன். மத்தியானம் எல்லாரும் சிரித்தார்கள். "என்னைப் பேயைக் கண்டதுபோல நோக்கியல்லோ சேட்டா," என்று ஆதிராவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எடுக்கும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்தச் சொல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம்தான் விழிஞ்ஞத்துக்குப் போனேன். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் ஒன்று அவன் வீட்டில் இருந்தது, அதைத் திருப்பி வாங்க வேண்டும். அவன் ஆபீஸில் வைத்திருந்த டிபன் டப்பாவும் குடையும் என்னிடம் இருந்தன. வேலைக்குப் போவதற்கு முன்னால் காலையிலேயே போனேன். வீட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. வேணி யூனிஃபார்ம் போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க," என்றாள் அவன் மனைவி பார்வதி. "மேலு தீயாட்டம் கொதிக்கி. லீவு போடுன்னா கேக்க மாட்டேங்கா."

"ஒரு நாள் போகலைன்னா என்ன மக்கா?" என்றேன்.

வேணி ரிப்பனை விடாமல் சொன்னாள். "அப்பா ஆப்சென்ட் ஆயிருவாங்க மாமா."

எனக்கு முதலில் புரியவில்லை. பார்வதிதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். "முன்னால அந்தப் பேரச் சொல்லிக் கேலி பண்ணுதாங்கன்னு அழுதுட்டு வருவா. இப்பம் அதக் கேக்கத்துக்குன்னே போறா. டீச்சர்ட்ட போயிச் சொன்னேன். அவங்க வேணின்னு கூப்பிட்டா இவ எந்திக்கவே மாட்டேங்காளாம். எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. செத்துப் போன மனுசனுக்கு தெனமும் ஒரு பிள்ள எந்திச்சு நின்னு உண்டு, உண்டுன்னு சொன்னா, அவரு எப்படிப் போவாரு?"

வேணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். காய்ச்சலில் நடை தள்ளாடியது. பார்வதி குடையோடு பின்னால் ஓடினாள். பேரை எப்படியாவது மாற்றிவிடுகிறேன் என்று வாசலில் நின்று நான் சொன்னது மழையில் அவளுக்குக் கேட்டதா தெரியாது.

ஆபீஸுக்கு வந்து மேடத்திடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாளைக்கு ஹர்த்தால். அடுத்த நாள் ஆதிராவை அதில் உட்காரச் சொல்லலாம்," என்றார். லேப்டாப்பில் சார்ஜ் சுத்தமாக இல்லை. என் மேஜையில் நெட்வொர்க் வயரோடு சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஹர்த்தால் அன்று சாலைக் கடைவீதியில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. உங்கள் இரண்டு பேரோடும் மொட்டை மாடியில் பட்டம் விட்டேனே, அந்த நாள்தான்.

அடுத்த நாள் காலையில் ஆபீஸைத் திறந்தோம். மேடம் சாயாவோடு வந்து நின்றார். ஹர்த்தால் அன்று யாரும் வரவில்லை, அதனால் ஒன்றும் இருக்காது என்றுதான் திரையைத் திறந்தேன். ஒரே ஒரு பதிவு இருந்தது.

"சுடலைமுத்து," என்று வாசித்தார் மேடம். குரல் மாறவில்லை. "கூப்பிடும் பேருக்குத் தனி இடம். இனிஷியல் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும், பிள்ளையைப் பிள்ளையின் பேரால் கூப்பிட. வாரென்."

நான் ஆதிராவைப் பார்த்தேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். எழுந்து நிற்க யாரும் இல்லை. மேடம் நின்றார். ஆவி பறந்துகொண்டிருந்த சாயா மெல்ல ஆறியது.

"குமாரே," என்றார் கடைசியில், மெதுவாக. "ஆரெங்கிலும் பறயணும்."

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நான் எழுந்தேன்.

"லீவு, மேடம்," என்றேன்.

மேடம் தலையசைத்தார். 'எந்தினா' என்று கேட்கவில்லை. அது பதிவிலேயே இருந்தது.

பிறகு உட்கார்ந்து பார்த்தோம். இதற்கும் காரணம் கிடைத்தது. அவன் வீட்டில் எழுதி முடித்து, அனுப்பாமல் விட்ட வேலை அது. நெட்வொர்க் கிடைத்தால் தானாகவே அனுப்பும்படி லேப்டாப்பில் ஏற்பாடு செய்திருந்தான். நான் சார்ஜில் போட்டேன், அது உயிர் பிடித்து, ஆளில்லாத ஆபீஸில் தன் வேலையைச் செய்துவிட்டது. அது சரிதான். ஆனால் ஆதிரா ஒன்றைக் கண்டுபிடித்தாள். புதிதாக எழுதினது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு பிள்ளையை உதாரணமாக வைப்பார்கள். அவன் வைத்திருந்தது தன் மகளையே. பேர் வேணி. அப்பா பேர் சுடலைமுத்து. வகுப்பு ஆறு.

"மேடம்," என்றாள் ஆதிரா. அந்த வரியில் விரலை வைத்தாள். "சேட்டன் மரிக்கும்போ அந்தக் குட்டி அஞ்சிலல்லே?"

ஐந்தில்தான் இருந்தாள். ஆறாம் வகுப்புக்குப் போனது அந்த ஜூனில்தான்.

மேடம் வெகு நேரம் அந்த வரியைப் பார்த்தார். "அச்சனல்லே மோளே," என்றார். "அடுத்த கொல்லம் ஆறாம் கிளாஸ் என்று அச்சனுக்கு அறியாம்." அப்பன் அல்லவா, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத்தான் எழுதியிருப்பான் என்று அர்த்தம். அப்படியே இருக்கலாம். நானும் உங்களுக்குப் புத்தகம் வாங்கும்போது அடுத்த வகுப்புக்குச் சேர்த்துத்தான் வாங்குவேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு மேடம் சாயாவைக் குடிக்காமலே டம்ளரை என் மேஜையில் வைத்தார்.

ஆதிரா நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அனுப்பலாம் என்றார் மேடம். அனுப்ப வேண்டியது நான். என் கை போகவில்லை. அனுப்பிவிட்டால் மறுநாள் காலை அந்த வகுப்பில் சுடலைமுத்து என்ற பேரே வராது. வேணி யாருக்காகக் காய்ச்சலோடு நடந்து போகிறாளோ, அவனை நான் ஒரு பட்டனை அமுக்கி அங்கேயிருந்து எடுத்துவிடுவேன். அவளிடம் கேட்காமல் செய்ய மனது வரவில்லை. மேடத்திடம் சொன்னேன். "போயி கேளு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வேணிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஃபோனில் அந்தப் பதிவைக் காட்டினேன். எழுதியவர் பேரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது அப்பா எழுதுனதா?"

"ஆமா."

"ஃபர்ஸ்ட்டு நா அழுததுக்கா?"

"அதுக்குத்தான்."

"அப்பம் என்ன வேணின்னு கூப்பிடணும்னு அப்பாதான் சொல்லிருக்காங்களா?"

"அவன்தான் எழுதிருக்கான். நா அனுப்பணும். நீ வேண்டாம்னா அனுப்பல."

அவள் கடைசி வரியை எழுத்துக் கூட்டினாள். வி, ஏ, ஏ. படித்து முடித்ததும் அவள் முகம் என்னவோ போலானது.

"அன்னைக்கு அவங்க வாறேன்னு சொன்னப்பம் நா முழிச்சுத்தான் கெடந்தேன் மாமா. தூங்குத மாதிரி கெடந்தேன். ஒண்ணும் சொல்லல." அப்புறம் கேட்டாள், "இதுல பதில் எழுத முடியுமா?"

"முடியும்."

அம்மாவுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்து, என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். பிறகு, "அனுப்பிருங்க," என்றாள்.

திங்கட்கிழமை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை டீச்சர் வேணி என்று கூப்பிட்டதும் அவள் எழுந்து நின்றதாகப் பார்வதி ஃபோன் பண்ணினாள். கொஞ்சம் தாமதித்துத்தான் நின்றாளாம்.

நித்யா, எந்திரம் எழுதட்டும். நன்றாகவும் எழுதும். ஆனால் ஒரு பேரை வாசித்துவிட்டு நிற்கிறோமே, அங்கே யாராவது எழுந்து நிற்க வேண்டும், அல்லது அவன் லீவு என்று சொல்ல இன்னொருத்தனாவது வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு நான் மட்டும் இருந்தேன். சுடலைமுத்துவின் கணக்கை மூட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பதிவு போட்டேன். எந்த மாற்றமும் இல்லாமல் வெறும் பதிவு போடக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி. அவரிடம் நான் கேட்கவில்லை. எழுதியவர் என்ற இடத்தில் வேணி என்று அடித்தேன், இனிஷியல் இல்லாமல். சேர்த்தவர் என்ற இடத்தில் என் பேர். கீழே அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

"சரிப்பா. போயிட்டு வாங்க."

கிட்டங்கியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பதிவு உள்ளே போனது. கணக்கை மூடிவிட்டு, விளக்கை அணைத்தேன்.